9 வயது மகளுக்கு கார்ட் ரேஸ்: குன்னூர் மலையிலிருந்து இது சரிப்படுமா?

அருவங்காட்டு அப்பா | சனி, இரவு 9:40

வணக்கம். இந்த மன்றத்தில் வண்டியைப் பற்றித்தான் பேசுவோம். இன்று பிள்ளையையும் சேர்த்துப் பேச வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகளுக்கு 9 வயது. போன வருட லீவில் லைன் பையன்களோடு சேர்ந்து ஒரு பேரிங் வண்டி செய்தாள். பழைய பலகை, லேத் பட்டறையில் கழித்துப் போட்ட 4 பேரிங், திருப்புவதற்கு ஒரு நைலான் கயிறு. குவார்ட்டர்ஸ் இறக்கத்தில் வளைவு வந்ததும் பையன்கள் எல்லாம் செருப்புக் காலை ஊன்றி நிறுத்திவிடுவார்கள். இவள் ஊன்றவில்லை. வளைவுக்கு முன்பே உடம்பை உள்பக்கம் சாய்த்தாள். பின் பேரிங் கிறீச்சென்று வழுக்கிக்கொண்டு போக, அப்படியே திரும்பிவிட்டாள். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. அடுத்த தடவை முழங்கைத் தோல் போனது தனிக்கதை.

அப்புறம் கோவையில் ஒரு மாலில், கார்ட் என்கிற குட்டித் திறந்த வண்டியை வாடகைக்கு எடுத்து ஏற்றிவிட்டேன். அதுதான் நான் செய்த தப்பு. ஒரு வருடமாக வீட்டில் வேறு பேச்சே இல்லை. நாராயண் கார்த்திகேயன் கோவைக்காரர் என்று எங்கேயோ படித்துவிட்டு, "மலை இறங்கினா அவங்க ஊருதானேப்பா" என்கிறாள்.

நான் சம்பளக்காரன். அவள் அம்மாவுக்குத் துளியும் இஷ்டமில்லை. விவரம் தெரிந்தவர்கள் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

சேரிங்கிராஸ் ஸ்பேனர் | சனி, இரவு 10:25

அண்ணே, முதலில் ஒன்று. மாலில் ஓட்டுகிற வண்டி வேறு, பந்தய கார்ட் வேறு. இரண்டுக்கும் 4 சக்கரம் இருக்கிறது என்பதைத் தவிர சொந்தபந்தம் கிடையாது.

பந்தய கார்ட்டில் சஸ்பென்ஷன் இல்லை. டிஃபரன்ஷியலும் இல்லை. பின் சக்கரம் இரண்டும் ஒரே தண்டில் இறுகி உட்கார்ந்திருக்கும், ஒரே வேகத்தில்தான் சுற்றும். வளைவில் வெளிச்சக்கரம் கூடுதல் தூரம் ஓட வேண்டுமே, என்ன செய்யும்? உள்பக்கப் பின்சக்கரம் தரையை விட்டு ஒரு நூல் எழும்ப வேண்டும். ஃபிரேமே முறுக்கிக் கொடுத்து அந்த வேலையைச் செய்யும். எழும்பவில்லை என்றால் வண்டி திரும்பாமல் இழுத்துப் பிடித்து இஞ்சின் மூச்சு முட்டும். அதனால் உங்கள் மகள் பேரிங் வண்டியில் உள்பக்கம் சாய்ந்தாளே, கார்ட்டில் அது ஆகாது. எழும்ப வேண்டிய சக்கரத்தை அவளே அழுத்திப் பிடித்த மாதிரி ஆகிவிடும். முதலில் மறக்க வேண்டிய பாடம் அதுதான்.

இரண்டாவது, நம் மலை. ஊட்டி 2,240 மீட்டர். கடல் மட்டத்தில் கிடைக்கிற காற்றில் முக்கால் பங்கும் சொச்சமும்தான் இங்கே இஞ்சினுக்குக் கிடைக்கும். அதற்குத் தகுந்த மாதிரி கார்புரேட்டரில் சின்ன ஜெட் (பெட்ரோல் வரும் துளை) போட்டு ட்யூன் செய்திருப்போம். அதே ஜெட்டோடு கோவைக்கு இறக்கினால் காற்று கூடும், பெட்ரோல் கூடாது. கார்ட்டின் டூ ஸ்ட்ரோக் இஞ்சினில் ஆயிலும் பெட்ரோலோடு கலந்துதான் வருகிறது. பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறைந்தது என்றுதான் அர்த்தம். சூடேறி பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். நான் ஒரு பழைய ஆர்.எக்ஸ். 100-ஐ இப்படி மேட்டுப்பாளையம் ரயில்வே கேட் பக்கத்தில் கொன்றிருக்கிறேன்.

பிளக்கைக் கழற்றிப் பாருங்கள், அது பொய் சொல்லாது. காப்பித்தூள் நிறம் என்றால் சரி. வெள்ளை என்றால் இஞ்சின் காய்கிறது. கறுத்து ஈரமாக இருந்தால் பெட்ரோலை அதிகமாகக் குடித்துவிட்டுக் கிடக்கிறது.

பச்சைத்தேயிலை | ஞாயிறு, காலை 7:10

இலைக்குக் கட்டுப்படியான விலை கொடு என்று ஒவ்வொரு வருடமும் தெருவில் உட்காருகிறோம். இங்கே கார்ட் ரேஸ் கேட்கிறதாம். பணக்கார வீட்டுப் பிள்ளைகள் விளையாட்டு அண்ணா இது. பிள்ளைக்கு ஹாக்கி மட்டை வாங்கிக் கொடுங்கள். வெலிங்டனில் மைதானம் இருக்கிறது, மூச்சும் நன்றாக வரும்.

செட்டிபாளையம் மாமா | ஞாயிறு, காலை 9:30

தேயிலைத் தம்பி சொல்வதில் பாதி நியாயம் இருக்குதுங்க. மீதிப் பாதியை நான் சொல்கிறேன்.

எங்கள் ஊர்ப் பக்கம் இந்தப் பைத்தியம் பழசு. சென்னைக்குப் பக்கத்துச் சோழவரத்தில், உலகப்போர்க் காலத்து விமான ஓடுபாதையில் ரேஸ் நடந்த நாளிலேயே கோவைக்காரன் லாரியில் வண்டி ஏற்றிக்கொண்டு போவான். எஸ். கரிவரதன் என்று ஒரு மனிதர், மில் குடும்பம். மாருதி 800 இஞ்சினை வைத்து ஒற்றை சீட் ரேஸ் கார் வடிவமைத்தார். வெளிநாட்டு வண்டி வாங்க முடியாத பையன்கள் ஒரு தலைமுறையே அதில்தான் ஓட்டக் கற்றது. 1995ல் சிறு விமான விபத்தில் போய்விட்டார். செட்டிபாளையத்தில் 2003ல் திறந்த டிராக்குக்கு அவர் பெயர்தான், கரி மோட்டார் ஸ்பீட்வே.

நாராயணைப் பற்றிப் பாப்பாவிடம் முழுதாகச் சொல்லுங்கள். அவர் அப்பா ராலி ஓட்டியவர், சவுத் இந்தியா ராலியைப் பல தடவை ஜெயித்தவர். வீட்டுக்குள்ளேயே பெட்ரோல் வாசம் இருந்ததுங்க. 1992ல், 15 வயதில், பிரான்சுக்குப் போய் ரேஸ் பள்ளியில் படித்தார். ஃபார்முலா ஒன்னில் உட்கார்ந்தது 2005ல். நடுவில் 13 வருடம். அந்த 13 வருடத்தை யாரும் போஸ்டர் அடிப்பதில்லை.

இப்போது எல்லாம் அதற்கும் முன்னாடியே, 8, 9 வயதில் கார்ட்டில் தொடங்குகிறார்கள். உங்கள் மகள் வயதுக்கு மைக்ரோ மேக்ஸ் என்ற பிரிவு இருக்கிறது. 125 சிசி ரோட்டாக்ஸ் இஞ்சின்தான், புகைக்குழலைக் கொஞ்சம் அடைத்து சக்தியைக் குறைத்து வைத்திருப்பார்கள். வயது ஏற ஏற அடைப்பைத் திறப்பார்கள். ஜூனியரில் 23 குதிரை, சீனியரில் 30. எஃப்.எம்.எஸ்.சி.ஐ. (இந்திய மோட்டார் பந்தயக் கிளப்புகளின் கூட்டமைப்பு) லைசென்ஸ் எடுக்க வேண்டும், டாக்டர் சான்றிதழ், அப்பா அம்மா கையெழுத்து வேண்டும். இரண்டு பேர் கையெழுத்தும் மனசார விழட்டும். எங்கள் வீட்டில் ஒன்று மட்டும்தான் மனசார விழுந்தது.

ஸ்பேனர் தம்பிக்கு ஒரு வருத்தமான சேதி. இஞ்சினுக்கு சீல் வைத்திருப்பார்கள். நீங்கள் நினைத்தபடி பிரித்துப் போட முடியாது, அதற்கென்று அனுமதி பெற்ற இடத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டும். ஜெட், பிளக், செயின் பல் எண்ணிக்கை, டயர் காற்று, இவ்வளவுதான் நம் கைக்கு.

செலவு? என் மகன் ஓட்டிய 4 வருடத்தில் ஒரு செட் டயர் விலைக்கு எங்கள் வீட்டு மளிகை ஒரு மாதம் ஓடும். ஒரு சனி ஞாயிறுக்குள் அந்த செட் தேய்ந்துவிடும். மீதியை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

சேரிங்கிராஸ் ஸ்பேனர் | ஞாயிறு, காலை 9:52

சீலா! போச்சு போங்க.

கோத்தகிரி டு கியூபெக் | ஞாயிறு, மாலை 6:15

இங்கே விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகிறது. தலைப்பைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான் கோத்தகிரிப் பொண்ணு. 11 வருடமாகக் கனடாவில். இங்கே கிராமத்துப் பிள்ளைகள் கார்ட்டுக்கு முன்பே ஸ்னோமொபைலில் உட்காருகிறார்கள். நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்வதென்றால், முன்னால் இரண்டு சறுக்குக் கட்டை, பின்னால் டாங்கி மாதிரி ஒரு ரப்பர் பட்டை, மேலே பைக் சீட். குல்மார்க், மணாலி போனவர்கள் வாடகைக்கு ஓட்டியிருப்பீர்கள். சிறுவர்களுக்கு 120 சிசியில் குட்டி வண்டி வருகிறது.

என் மகன் வகுப்புப் பையன் ஒருவன், 8 வயது, பந்தயம் ஓட்டுகிறான். ஒருமுறை போய்ப் பார்த்தேன். உறைந்த ஏரி மாதிரி வழவழவென்று முட்டை வடிவ ஐஸ் ஓடுபாதை. ஆக்ஸிலரேட்டர் கைப்பிடியைத் திருகுவது இல்லை, வலது கட்டைவிரலால் நெம்புகோலை அழுத்த வேண்டும். குளிரில் முதலில் மரத்துப் போவதும் அந்த விரல்தான். பந்தயத்துக்கு முன்னால் அவன் அப்பா கையுறையைக் கழற்றி, அந்த ஒரு விரலை மட்டும் தன் உள்ளங்கையில் வைத்து ஊதிக்கொண்டே இருந்தார். பிள்ளை போட்டிருக்கும் கோட்டிலிருந்து வண்டிக்கு ஒரு கயிறு மாட்டுவார்கள். பிள்ளை விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொள்ளும், இஞ்சின் அணைந்துவிடும். கொடி அசைந்தது. முன்னால் போகிறவன் கிளப்பும் பனித்தூளில் பின்னால் வருகிற 5 பேரும் காணாமல் போனார்கள். சத்தம் மட்டும் வந்தது. என் வயிறு கலங்கிவிட்டது.

ஆனால் அந்தக் குருட்டுப் பனியில்தான் ஜில் வில்னவ் வண்டி ஓட்டக் கற்றார். இந்த மாகாணத்துக்காரர். 1974ல் அமெரிக்காவில் விஸ்கான்சின் ஈகிள் ரிவரில் ஸ்னோமொபைல் உலகப் பட்டம் ஜெயித்துவிட்டு, அப்புறம் ஃபெராரியில் ஃபார்முலா ஒன். எதிரே ஒன்றும் தெரியாத பனியும் வழுக்கலும்தான் தன்னைத் தயார் செய்தது என்பார். 1982ல் பெல்ஜியத்தில் தகுதிச் சுற்றில் விபத்துக்குள்ளாகி, அன்றே ஆஸ்பத்திரியில் இறந்தார். மகன் ஜாக் 1997ல் உலக சாம்பியன் ஆனார். இங்கே யாரிடம் கேட்டாலும் இந்த இரண்டு செய்தியையும் ஒரே மூச்சில் சொல்வார்கள்.

மாமா ரோட்டாக்ஸ் என்றதும் சிரித்துவிட்டேன். ஸ்கீ-டூ என்ற ஸ்னோமொபைலுக்கும் அதே ஆஸ்திரியத் தொழிற்சாலைதான் இஞ்சின் செய்கிறது. 1970ல் ஸ்கீ-டூவைச் செய்த பொம்பார்டியே கம்பெனி அதை வாங்கியது. அந்தக் கம்பெனி தொடங்கிய ஜோசஃப் அர்மான் பொம்பார்டியேவின் கதை தெரியுமா? 1934 குளிர்காலத்தில் அவருடைய 2 வயது மகனுக்கு உடம்பு சரியில்லை. பாதையெல்லாம் பனி மூடி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லாமல் பிள்ளை இறந்துபோனது. அதற்கப்புறம் பனிவண்டி செய்வதில் முழுமூச்சாக இறங்கினார். கடைசியில் அவர் பெயரில் வந்த வண்டியை 8 வயதுப் பிள்ளைகள் பந்தயத்தில் ஓட்டுகிறார்கள்.

தலைக்குந்தா | ஞாயிறு, மாலை 6:40

எங்கள் ஊரிலும் ஜனவரியில் உறைபனி விழுகிறது அக்கா. புல்லெல்லாம் உப்புக் கொட்டின மாதிரி இருக்கும். விடிகாலையில் பால் வண்டி அதில் இரண்டு தடவை டான்ஸ் ஆடும். அடுத்த ஜில் வில்னவ் எங்கள் பால்காரர்தான்.

மஞ்சூர் டீச்சர் | ஞாயிறு, இரவு 8:05

சிரிப்புக்கு நடுவே ஒன்று கேட்கிறேன். 2023 ஆகஸ்டில் இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் பைக் பந்தயத்தில் பெங்களூருப் பையன் ஒருவன் இறந்தான். வயது 13. செய்தி வந்த அன்று என் வகுப்பில் 13 வயதுப் பையன்கள் 17 பேர் உட்கார்ந்திருந்தார்கள், நான் வருகைப்பதிவேட்டை மூடி வைத்துவிட்டேன். இவ்வளவு பேர் எழுதியிருக்கிறீர்கள், யாருமே அதைச் சொல்லவில்லையே?

செட்டிபாளையம் மாமா | ஞாயிறு, இரவு 8:50

சொல்லாமல் விட்டது தப்புதாங்க டீச்சர்.

பைக்கும் கார்ட்டும் ஒன்றல்ல என்று சொல்லலாம், அது உண்மையும்கூட. கார்ட் தரையோடு தரையாக ஓடும், கவிழ்வது குறைவு. ஆனால் கார்ட்டில் சீட் பெல்ட் கிடையாது என்பது பலருக்குத் தெரியாது. மேலே கூண்டு இல்லாததால், கவிழ்ந்தால் ஆள் வண்டியோடு மாட்டிக்கொள்ளாமல் வெளியே விழுவதே நல்லது என்று அப்படி வைத்திருக்கிறார்கள். இதை என் வீட்டம்மாவுக்கு நான் விளக்கிச் சொன்ன நாளிலிருந்து அவள் டிராக் பக்கம் வரவில்லை.

வாங்குவதானால் முதல் காசை ஹெல்மெட்டில் போடுங்கள். 15 வயதுக்குட்பட்டவர்களுக்கென்று சி.எம்.ஆர். முத்திரையோடு எடை குறைவாக வருகிறது. பெரியவர்கள் ஹெல்மெட்டைப் பிள்ளை தலையில் கவிழ்த்தால் கழுத்துதான் தாங்க வேண்டும். அடுத்தது விலாக் கவசம்.

பச்சைத்தேயிலை | ஞாயிறு, இரவு 9:15

இதற்குத்தான் ஹாக்கி என்றேன். கேட்டால்தானே.

அருவங்காட்டு அப்பா | ஞாயிறு, இரவு 10:30

டீச்சர் எழுதியதை மனைவியிடம் காட்டினேன். ஒன்றும் பேசாமல் அடுப்படிக்குப் போய்விட்டாள். பிறகு அங்கிருந்தே, "ஆசை அவளோடதா உங்களோடதா?" என்று கேட்டாள். நான் கல்லூரியில் படிக்கும்போது பைக் ரேஸுக்கு ஆசைப்பட்டு, என் அப்பா சாவியைப் பிடுங்கி வைத்த கதை அவளுக்குத் தெரியும். பதில் சொல்ல வரவில்லை.

கொடை முன்னாள் | திங்கள், அதிகாலை 1:20

ஒரு வருடமாகப் படித்துவிட்டு மட்டும் போகிறவன். இன்று எழுதுகிறேன். எனக்கு 22 வயது. 8 வயதிலிருந்து 14 வரை கார்ட் ஓட்டினேன். கொடைக்கானல்.

வெள்ளிக்கிழமை ஸ்கூல் விட்டதும் அப்பா வண்டியோடு கேட்டில் நிற்பார். பெருமாள்மலை, பழனி ரோடு, உடுமலை, கோவை. சீருடையைக் காரிலேயே மாற்றுவேன். பின் சீட்டில் என்னோடு பெட்ரோல் கேனும் டயரும் படுத்திருக்கும். இன்றைக்கும் டூ ஸ்ட்ரோக் ஆயில் வாசம் வந்தால் எனக்குத் தூக்கம் வரும். வீட்டுப்பாடத்தை டார்ச் வெளிச்சத்தில் எழுதிக் கொண்டை ஊசி வளைவில் வாந்தி எடுத்திருக்கிறேன். 6 வருடத்தில் ஒரு நண்பன் பிறந்தநாளுக்கும் போனதில்லை. ஒரு கட்டத்தில் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள்.

உடம்பு பற்றிச் சொல்கிறேன். சீட் கண்ணாடி நாரில் செய்தது, பஞ்சு கிடையாது. கவசம் போட்டாலும் விலா கன்றிப்போகும், குளிக்கும்போது சோப்பு பட்டால் தெரியும். பவர் ஸ்டீயரிங் இல்லை. 15 லாப் ஓட்டிவிட்டு இறங்கினால் சாப்பாட்டுத் தட்டில் கை ஆடும். நான் ஒல்லிப் பையன், குறைந்தபட்ச எடை வராது, அதனால் சீட்டுக்குப் பின்னால் ஈயக் கட்டிகளை போல்ட் போட்டு முறுக்குவார்கள். அந்த ஈயத்துக்கு நான் பெயர் வைத்திருந்தேன், தம்பி என்று.

பயம் இருந்ததா என்று எல்லாரும் கேட்பார்கள். டிராக்கில் இல்லை. திரும்பி வரும் ரோட்டில்தான். நன்றாக ஓட்டிய அன்று உடுமலையில் பரோட்டா. ஓட்டாத அன்று கொடை வரைக்கும் அப்பா ரேடியோகூடப் போட மாட்டார். திட்டியதே இல்லை, ஒருமுறைகூட. அது திட்டுவதைவிட மோசம். நேர்ப்பாதையில் வரும்போது வேலி ஓரம் அவர் கையில் ஸ்டாப்வாட்ச் இருக்கும். கை உயர்ந்தால் நேரம் குறைந்திருக்கிறது, இடுப்போடு இருந்தால் கூடியிருக்கிறது. அடுத்த வளைவைப் பார்க்க வேண்டிய நொடியில் நான் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒரே ஒரு நாள் மட்டும் தனி. நான் 11. பயிற்சியில் மழை பிடித்துக்கொண்டது. எல்லாரும் உள்ளே வந்துவிட்டார்கள், எனக்கு சிக்னல் தெரியவில்லை. மழையில் ஸ்டாப்வாட்சும் தெரியவில்லை. வழக்கமான கோட்டில் போனால் ரப்பர் படிந்து வழுக்கியது. வெளியே, யாரும் போகாத ஓரத்தில் போனேன், பிடித்தது. நானாகக் கண்டுபிடித்தேன். ஹெல்மெட்டுக்குள் பாடிக்கொண்டே 6, 7 லாப் ஓட்டினேன். அந்த ஒரு நாளுக்காக மீதி 6 வருடத்தையும் மறுபடி வாழ்வாயா என்று கேட்டால், தெரியவில்லை, வாழ்வேன் என்றுதான் நினைக்கிறேன்.

14ல் திடீரென்று வளர்ந்துவிட்டேன். ஈயம் எல்லாம் கழற்றியும் எடை கூடுதல். பணமும் தீர்ந்திருந்தது, என்னிடம் சொல்லவில்லை. வண்டியை விற்ற அன்று அப்பா ஷெட்டிலிருந்து வர வெகுநேரம் ஆனது. எனக்கு அழுகையும் வந்தது, அந்தச் சனிக்கிழமை மத்தியானம் வரை தூங்கவும் முடிந்தது.

அண்ணா, பாப்பாவை ஓட்ட விடுங்கள். ஸ்டாப்வாட்ச் வாங்காதீர்கள்.

மஞ்சூர் டீச்சர் | திங்கள், காலை 6:45

தம்பி, அந்த அப்பா இப்போது எப்படி இருக்கிறார்?

கொடை முன்னாள் | திங்கள், காலை 7:30

நன்றாக இருக்கிறார் டீச்சர். காரில் போகும்போது இப்போதெல்லாம் நான்தான் ஓட்டுகிறேன். வளைவில் கைப்பிடியைப் பிடித்துக்கொள்கிறார்.

பச்சைத்தேயிலை | திங்கள், காலை 8:00

சரி, நான் வாயை மூடிக்கொள்கிறேன். ஆனாலும் இலை விலை இலை விலைதான்.

நெறியாளர் | திங்கள், காலை 8:20

இலை விலைக்குத் தனி இழை இருக்கிறது. அங்கே உங்கள் பதிவுகள் மட்டுமே 40 இருக்கும்.

அருவங்காட்டு அப்பா | அடுத்த ஞாயிறு, இரவு 9:15

போய் வந்தோம். மூன்று பேரும்.

மாமா தனிச்செய்தியில் சொன்ன பயிற்சிக்காரரிடம் அரை நாள். பர்லியாரில் வழக்கம்போல வாந்தி, அப்புறம் மங்குஸ்தான் கேட்டு வாங்கிக்கொண்டாள். அங்கே சீட் அவளுக்குத் தொளதொளவென்று இருந்தது. இரண்டு பக்கமும் பஞ்சு அடைத்து, பெடலுக்குக் கட்டை வைத்து உட்கார வைத்தார்கள். வலது கால் ஆக்ஸிலரேட்டர், இடது கால் பிரேக்.

ஸ்பேனர் சொன்னது அப்படியே நடந்தது. முதல் வளைவில் பேரிங் வண்டி மாதிரி உள்பக்கம் சாய்ந்தாள், வண்டி இருமிக்கொண்டே இழுத்தது. மூன்று லாப் அப்படித்தான். பயிற்சிக்காரர் நிறுத்தி, "மேசை முன்னாடி உட்கார்ற மாதிரி நேரா உட்காரு, வளையறத வண்டி பாத்துக்கும்" என்றார். நான்காவது லாப்பில் உடம்பு நிமிர்ந்தது. உள்பக்கப் பின்சக்கரம் ஒரு நூல் எழும்பியதை நானும் பார்த்தேன், அவள் அம்மாவும் பார்த்தாள். அம்மா என் கையைப் பிடித்தாள். பயத்திலா வேறு எதிலா என்று கேட்கவில்லை.

ஒரு லாப் முடிந்து எங்களைக் கடக்கும்போது மகள் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. கொடைத் தம்பி எழுதியது ஞாபகம் வந்தது. கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது, பொய் சொல்லக் கூடாது.

இறங்கியதும் தண்ணீர் பாட்டில் மூடியைத் திறக்க வரவில்லை, கை நடுங்கியது. என்னிடம் நீட்டினாள். திரும்பும்போது மேட்டுப்பாளையம் தாண்டுவதற்குள் தூங்கிவிட்டாள். காட்டேரி பக்கம் விழித்து, "எவ்ளோ ஆகும்ப்பா?" என்றாள். அவள் அம்மா முந்திக்கொண்டு, "மாசம் ஒரு தடவை போகலாம். வண்டி வாங்கற பேச்சு இப்ப வேண்டாம்" என்றாள். மகள் யோசித்துவிட்டு, அப்போ நடுவில் மீதி ஞாயிறெல்லாம் என்ன செய்வது என்று கேட்டாள். நியாயமான கேள்வி, எங்கள் இருவரிடமும் பதில் இல்லை.

சேரிங்கிராஸ் ஸ்பேனர் | அதே நாள், இரவு 9:40

அந்தப் பேரிங் வண்டி இன்னும் இருக்கிறதா அண்ணே? இருந்தால் அடுத்த ஞாயிறு கொண்டு வாருங்கள். சைக்கிள் பிரேக் ஒன்று சும்மா கிடக்கிறது, பின்னால் மாட்டலாம். முழங்கைக்குத் துணி சுற்றிக் கூட்டி வாருங்கள். அதற்கு யாரும் சீல் வைக்கவில்லை.